கேட்சர் ஏன் ஓடுகிறார்?

அன்புள்ள சார்,

வட கரோலினாவில் டர்ஹாமுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். உங்களைப் பல வருடங்களாக வாசித்துவந்தாலும் எழுதுவது இதுதான் முதல்முறை.

என் மகனுக்கு 14 வயது. பள்ளி அணியில் பேஸ்பால் ஆடுகிறான். கேட்சர், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். ஆள் குறையும் நாட்களில் அவனையே சில இன்னிங்ஸ் பந்து வீசவும் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் தோளில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ‘பையனிடம் விஷயம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்’ என்று அவன் கோச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

எங்கள் ஊர் அணியான டர்ஹாம் புல்ஸின் ஆட்டம் ஒன்றுக்கு அவனைக் கூட்டிப்போனேன். எதிரணி நாஷ்வில் சவுண்ட்ஸ். அதன் மேனேஜர், அதாவது ஆட்டத்தை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர், ரிக் ஸ்வீட், எழுபதை எட்டிய மனிதர். மகன் ஃபோனில் தேடி வாசித்துக் காட்டினான். மேஜர் லீகில் மூன்றே சீசன் கேட்சராக இருந்திருக்கிறார். அதன்பின் இத்தனை வருடமும் பெரும்பாலும் மைனர் லீகில், மேஜர் லீகுக்கு ஆள் தயார்செய்யும் கீழ்மட்ட அணிகளில், ஊர் ஊராக மேனேஜர். மேஜர் லீக் அணி ஒன்றுக்கு ஒருமுறைகூட மேனேஜர் ஆனதில்லை. மகன் கண்ணை விரித்து ‘செம வாழ்க்கைப்பா’ என்றான். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தான் தோற்ற இடத்திலேயே ஒருவர் வாழ்நாள் முழுக்க எப்படி இருக்கிறார்? என் மகனும் அப்படி ஆகிவிடுவானோ?

வரும் கோடையில் அவனை அணியிலிருந்து நிறுத்திவிட்டு கணித வகுப்பில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். என் மனைவி கூடாது என்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கூடவே, கிரிக்கெட் அளவுக்கு பேஸ்பாலில் ஆழம் உண்டா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

2025 அக்டோபரில் பிரையன் ஸ்னிட்கர் அட்லாண்டா பிரேவ்ஸின் மேனேஜர் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போதிருந்தே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளப்பிவிட்டது. அவர் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

கிரிக்கெட்டா பேஸ்பாலா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் பொழுது போகாமல் பேசிக்கொள்வது அது.

ரிக் ஸ்வீட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறீர்களே, அதுதான் என்னைக் குத்துகிறது. மூன்று சீசன் என்று ஃபோனில் வாசித்ததும் மனதுக்குள் மார்க் போட்டுவிட்டீர்கள். அந்த மூன்று சீசன் எப்படிப்பட்டவை என்று பார்த்தீர்களா? 1978இல் சான் டியேகோ பாட்ரெஸ் அணியில் அவர் அறிமுகமானார். அந்த வருடம் அதே அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், கேலார்ட் பெர்ரி 21 ஆட்டங்களை வென்று, நாற்பது வயதில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அணியின் கேட்சர்களில் ஒருவர் ஸ்வீட். அடுத்த மூன்று வருடம் அவருக்கு மேஜர் லீகில் இடமே கிடைக்கவில்லை. கீழே ஆடிக்கொண்டிருந்தார். 1982இல் நியூயார்க் மெட்ஸில் சில நாள் இருந்துவிட்டு சியாட்டில் மரைனர்ஸுக்குப் போனார். அங்கேயும் பெர்ரி இருந்தார், தன் 300ஆவது வெற்றியை அந்த மே மாதத்தில் எடுத்துக்கொண்டு. அடுத்த வருடத்தோடு ஸ்வீட்டின் மேஜர் லீக் ஆட்டம் முடிந்தது.

நீங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். டூசான், போர்ட்லண்ட், லூயிவில், கொலராடோ ஸ்பிரிங்ஸ், சான் அன்டோனியோ, நாஷ்வில் என்று அதற்குப் பின்னால் வரும் வருடங்களை ‘ஊர் ஊராக’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். ஜோயி வாட்டோ 2007இல் லூயிவில்லில் ஆடியபோது அவருக்கு மேனேஜர் ஸ்வீட்தான். மூன்று வருடம் கழித்து வாட்டோ மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். க்யூபாவிலிருந்து வந்த பிட்சர் அரோல்டிஸ் சாப்மன் 2010இல் முதலில் போய் நின்றதும் ஸ்வீட்டின் அணியில்தான். மைனர் லீகில் 2000க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்ற மேனேஜர்கள் மிகச் சிலர். அதில் ஒருவர் உங்களுக்குப் பத்து கஜ தூரத்தில் நின்றிருக்கிறார். நீங்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் மகனுக்குத் தெரிந்தது உங்களுக்கு ஏன் தெரியவில்லை?

கேட்சர் என்ன செய்கிறார் என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நானும் உங்கள் டர்ஹாம் மைதானத்தில் ஓர் ஆட்டம் பார்த்தேன். ஜூலை மாதம். சூரியன் இறங்கியும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். இடது பக்கம் சுவரின் மேல் அந்தப் பெரிய காளை. சொந்த அணி ஹோம்ரன் அடித்தால் கண் சிவந்து மூக்கில் புகை விடுமே, அதுதான். குழந்தைகள் எல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேட்டர் நிற்கும் ஹோம் ப்ளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் கேட்சரின் முதுகுதான் எனக்குக் கிடைத்த காட்சி. பேட்டர் தரையோடு அடிக்கிறான். பந்து இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போகிறது. அவர் எடுத்து, பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கு எறிகிறார், அவுட். இதற்குள் இந்தக் கேட்சர் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மார்புக் கவசம், முழங்கால் கவசம் எல்லாவற்றோடும் முதல் பேஸை நோக்கி ஓடிவிட்டார். ஹோம் ப்ளேட்டிலிருந்து முதல் பேஸ் 90 அடி. எறிந்த பந்து தவறிப் பின்னால் போய்விட்டால் எடுப்பதற்கு ஆள் வேண்டும், அதற்காக. பந்து தவறவில்லை. திரும்பி நடந்து வந்து, முகமூடியை மாட்டிக்கொண்டு மறுபடி குத்தவைத்து உட்கார்ந்தார். அடுத்த பேட்டரும் தரையோடு அடித்தான். மறுபடி ஓடினார்.

பேஸ்களில் ஆள் இல்லாதபோதெல்லாம் கேட்சரின் வேலை இது. அன்று ஆட்டம் முழுக்க அவர் ஓடினார். ஒருமுறைகூட எறிந்த பந்து தவறவில்லை, ஒருமுறைகூட அவர் தேவைப்படவில்லை. ஸ்கோர் அட்டையில் இந்த ஓட்டத்துக்கு ஒரு கட்டமும் கிடையாது. நான் மறுநாள் காலையிலும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் ஜெயித்தார்கள் என்பது இப்போது ஞாபகமில்லை.

களத்தில் இருக்கும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஹோம் ப்ளேட்டைப் பார்த்து நிற்பவர்கள். கேட்சர் மட்டும் அந்த எட்டுப் பேரையும் பார்த்து உட்கார்ந்திருப்பவர். பிட்சரின் தோள் இறங்கிவிட்டதா, இந்த அம்பயர் இன்று தாழ்ந்த பந்தையும் அடிக்க வேண்டிய பந்து என்று ஸ்ட்ரைக் கொடுக்கிறாரா, பேட்டர் போன முறை எதில் ஏமாந்தான், இரண்டாம் பேஸ்மேன் சரியான இடத்தில் நிற்கிறாரா, எல்லாம் அவர் தலையில். இரண்டாம் பேஸுக்கு ஓடித் திருட வருபவனை நிறுத்த அவர் 127 அடி எறிய வேண்டும். பந்து மிட்டில், அதாவது கேட்சரின் கையுறையில், விழுந்ததிலிருந்து பேஸில் போய்ச் சேருவதற்கு இரண்டு விநாடி ஆனால் அதுவே நல்ல எறிதல். ஸ்ட்ரைக் எல்லையின் ஓரத்தில் வரும் பந்தை மிட் ஆடாமல் பிடித்து நிறுத்தி அம்பயரை நம்பவைப்பது இன்னொரு கலை. ஹோசே மொலினா என்ற சுமாரான பேட்டருக்கு மேஜர் லீகில் நீண்ட காலம் இடம் இருந்ததே கவசம் போட்டுக்கொண்டு செய்யும் வேலையால்தான். அவர் இப்படி மிட்டால் எத்தனை ரன்களை அணிக்கு மிச்சப்படுத்தினார் என்று 2011 வாக்கில்தான் கணக்குப்போட்டுப் பார்த்தார்கள். அதுவரை பிட்சர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. 2026இலிருந்து மேஜர் லீகிலும் அம்பயரின் தீர்ப்பை எதிர்த்து எந்திரத்திடம் முறையிடலாம். அந்தக் கலையில் ஒரு பகுதி போய்விடும். எனக்கு அதில் வருத்தம்தான்.

மாற்றுக் கேட்சராக இருப்பவர் இன்னொரு விஷயத்தையும் கற்றுக்கொள்கிறார். அவர் பெரும்பாலும் ஆடுவதில்லை. புரூஸ் போச்சி ஒன்பது சீசனில் ஆடியது 358 ஆட்டம். சீசனுக்கு 162 ஆட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாட்களை பெஞ்சிலும், மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் புல்பென்னிலும், இடையிடையே மைனர் லீகிலும் கழித்தார். பார்ப்பதும், பிட்சர்களோடு பேசுவதும்தான் வேலை. பிறகு ஸ்போகேனில் தொடங்கி கீழ்மட்ட அணிகளுக்கு மேனேஜராக இருந்தார். அதன்பின் மேஜர் லீக் மேனேஜராக அவர் வென்ற உலகத் தொடர்கள், அதாவது சீசனின் இறுதிப் போட்டிகள், நான்கு. ஜிம் லேலண்ட் மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழான டபுள்-ஏ மட்டத்தைத் தாண்டாத கேட்சர். 1971இல் 26 வயதிலேயே டெட்ராய்ட் கிளப்பின் கடைமட்ட அணி ஒன்றுக்கு மேனேஜர் ஆகிவிட்டார். மைனர் லீகிலேயே 11 வருடம். 2024இல் ஹால் ஆஃப் ஃபேமில் அவருடைய பலகை ஏறியது.

இந்தப் பெயர்களைச் சொல்லும்போதே எனக்கு ஒரு சங்கடம். நீங்கள் உடனே ‘அப்படியானால் மைனர் லீக் வழியாகவும் உச்சத்துக்குப் போகலாம்’ என்று ஆறுதல் தேடிக்கொள்வீர்கள். அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அதனால்தான் ஸ்னிட்கர்.

ஸ்னிட்கர் 1977இல் பிரேவ்ஸ் கிளப்பில் சேர்ந்தார். கிளப்புகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரைவில் யாரும் எடுக்காத கேட்சர். மேஜர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அப்போது பிரேவ்ஸின் மைனர் லீக் ஆட்டக்காரர்களைக் கவனித்துக்கொண்டவர் ஹாங்க் ஆரன், 755 ஹோம்ரன் அடித்த அதே ஆரன். ஆட்டக்காரனாக உனக்கு இங்கே இடமில்லை என்று விடுவித்தவரும் அவர்தான், கோச்சாக வேலை கொடுத்தவரும் அவர்தான். 1982இல் தென் கரோலினாவில் ஆண்டர்சன் என்ற சிற்றூர் அணிக்கு ஸ்னிட்கர் மேனேஜர். அடுத்த வருடம் எங்கே தெரியுமா? உங்கள் டர்ஹாம். புல்ஸ் அப்போது பிரேவ்ஸின் கீழ்மட்ட அணி, பழைய மைதானத்தில் ஆடியது.

1985இல் அவரை அட்லாண்டாவுக்குக் கூப்பிட்டு புல்பென் கோச் ஆக்கினார்கள். அடுத்த வருடமே கீழே அனுப்பினார்கள். 1988இல் மறுபடி மேலே, சில வருடத்தில் மறுபடி கீழே. மேக்கன், மிர்ட்டில் பீச், கிரீன்வில், மிசிசிப்பி, ரிச்மண்ட். 2007இல் மூன்றாம் பேஸ் கோச்சாக அட்லாண்டாவுக்குத் திரும்பினார். ஏழு சீசன் அங்கே நின்றபிறகு, 58 வயதில், மறுபடியும் கீழே, மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான ட்ரிபிள்-ஏ அணியான க்வின்னெட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த வயதில் கீழே போகச் சொன்னால் நீங்களும் நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்போம். அவர் போனார்.

மைனர் லீக் மேனேஜரின் வேலை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். யார் எத்தனை பந்து வீச வேண்டும், யார் எந்த இடத்தில் ஆட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வரும். அவர் அதற்குள் நின்று ஆட்டத்தை நடத்த வேண்டும். ஸ்னிட்கர் தொடங்கிய காலத்தில் கீழ்மட்ட அணியில் மேனேஜருக்குத் துணையாக ஒருவர் இருந்தாலே பெரிது. பயிற்சிக்குப் பந்து வீசுவதும், மூன்றாம் பேஸ் பக்கம் நின்று சைகை காட்டுவதும் மேனேஜரேதான். ராத்திரி ஆட்டம் முடிந்து பையன்கள் குளிக்கப் போனபின், அன்று யார் எப்படி ஆடினார்கள் என்று கிளப்புக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அப்புறம் பஸ்.

ஒரு பையன் நன்றாக ஆட ஆரம்பித்தால் அவனை எடுத்துக்கொள்வார்கள். 2005இல் மிசிசிப்பி அணியில் ஸ்னிட்கரிடம் பிரையன் மெக்கான் என்ற கேட்சரும் ஜெஃப் ஃப்ராங்கோர் என்ற அவுட்ஃபீல்டரும் இருந்தார்கள். ஜூனில் ஒருவர் போனார், ஜூலையில் மற்றவர் போனார், நேராக அட்லாண்டாவுக்கு. மேனேஜரின் அணி பாதி சீசனில் இளைத்துப்போனது. அவர் வேலையைச் சரியாகச் செய்ததால் நேர்ந்தது அது. ‘நாளை நீ மேலே போகிறாய்’ என்று பையனை அறைக்குள் கூப்பிட்டுச் சொல்பவர் மேனேஜர். ‘உன்னை விடுவித்துவிட்டார்கள்’ என்று சொல்பவரும் அவரேதான். அந்த இரண்டாவது வாக்கியத்தை ஒருகாலத்தில் தானே கேட்டுக்கொண்டு நின்றவர் சொல்வதற்கும், கேட்காதவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மைனர் லீகுக்கு இப்படிப்பட்டவர்கள் தேவைப்படுவது இதனால்தான். தோற்ற இடத்திலேயே எப்படி இருக்கிறார் என்று கேட்டீர்கள். அந்த அறையில் இருப்பதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்?

2016 மே மாதம் பிரேவ்ஸ் 9 வெற்றி 28 தோல்வி என்று கிடந்தபோது மேனேஜரை நீக்கிவிட்டு ஸ்னிட்கரைத் தற்காலிகமாகக் கூப்பிட்டார்கள். அவருக்கு வயது 60. அந்தக் கிளப்பில் அது 40ஆவது சீசன். 2018இல் நேஷனல் லீகின் சிறந்த மேனேஜர் விருது. 2021 ஜனவரியில் ஆரன் காலமானார். அந்த வருட நவம்பர் 2ஆம் தேதி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்து பிரேவ்ஸ் உலகத் தொடரை வென்றது. எதிரணியின் பேட்டிங் கோச் ஸ்னிட்கரின் சொந்த மகன் ட்ராய்.

இந்தக் கதையை எல்லோரும் கடைசியிலிருந்து சொல்கிறார்கள். நாற்பது வருடம் பொறுத்திருந்தார், பலன் கிடைத்தது என்று. எனக்கு இது பிடிக்கவே இல்லை. அந்த மே மாதம் அட்லாண்டா வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். பெரும்பாலான கிளப்புகள் அப்படித்தான் செய்திருக்கும். செய்திருந்தால் ஸ்னிட்கர் க்வின்னெட்டில் இன்னும் சில வருடம் இருந்து ஓய்வு பெற்றிருப்பார். ஆண்டர்சனிலும் டர்ஹாமிலும் அவர் பந்து வீசிக் கொடுத்த பையன்கள் அப்போதும் அதே பையன்கள்தான். மெக்கான் அப்போதும் அட்லாண்டாவுக்குப் போயிருப்பார். ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததனால் முந்தைய நாற்பது வருடம் மதிப்புப் பெற்றது என்றால், அப்படி அழைப்பு வராத ரிக் ஸ்வீட்டின் வருடங்கள் மதிப்பில்லாதவை என்று ஆகும். நீங்கள் அந்த மைதானத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு அதுதான். தப்புக் கணக்கு, ச. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பித் திருப்பிச் சொல்வேன். நம்மவர்கள் நிறையப் பேர் இந்தக் கணக்கைப் பிள்ளைகளின் தலையில் வைத்துத்தான் வளர்க்கிறார்கள். போய்ச் சேர்ந்தவன், சேராதவன் என்று இரண்டே பெட்டிகள். மேலே 30 அணிகளில் அணிக்கு 26 பேர், 780 இடம். கீழே 120 அணிகள். உங்கள் கணக்குப்படி பார்த்தால் அங்கே ஆயிரக்கணக்கானோர் தினமும் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். மேலே ஆடும் 780 பேருக்கும் மிட்டை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தது யார்?

காசு விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. மைனர் லீக் ஆட்டக்காரர்களை வெகுகாலம் அநியாயமாக நடத்தினார்கள். ட்ரிபிள்-ஏ ஆட்டக்காரருக்கே வருடத்துக்கு 17,500 டாலர்தான். 2022இல் அவர்கள் சங்கத்தில் சேர்ந்தபிறகு, 2023 ஒப்பந்தத்தில் அது 35,800 ஆனது. இப்போதும் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் உங்கள் பையனுக்கு 14 வயது. அவன் சம்பள ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடப் போவதில்லை, இந்தக் கோடையில் ஆடப்போகிறான், அவ்வளவுதான். கணித வகுப்பைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். கேட்சராக உட்காரும் பையனை ஆள் குறைகிறது என்று பந்தும் வீசச் சொல்கிறார்கள், அவன் வீட்டில் தோளுக்கு ஐஸ் வைத்துக்கொள்கிறான். கேட்சர் ஒவ்வொரு பந்தையும் பிட்சருக்குத் திருப்பி எறிகிறவன், பிட்சருக்கு அடுத்தபடியாக அதிகம் எறிவது அவன் கைதான். பிட்சரையே கேட்சராகவும் பயன்படுத்தக் கூடாது என்று மேஜர் லீகும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்ற அமைப்பும் சேர்ந்து சிறுவர்களுக்கு வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ விதிமுறையிலேயே இருக்கிறது. 13, 14 வயதில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 பந்து, அதற்குப் பின் எத்தனை நாள் ஓய்வு என்பதும் அதில் இருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு நாளைக்கே கோச்சைப் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தோள்வலியை எலும்பு மருத்துவர் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள், அடுத்த ஆட்டத்துக்கு முன்னால். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.